போர் முடிந்த மறுநாள் யார் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும்?

1945 ஜூலை 1 அன்று அமெரிக்க மத்திய அரசின் புதிய நிதியாண்டு தொடங்கியது. ஆறே வாரத்தில் ஜப்பான் சரணடைந்து இரண்டாம் உலகப்போரே முடிந்துபோனது. அதாவது, போர் தொடரும் என்று நினைத்துப் போட்ட ஒரு முழு வருடக் கணக்கு, வருடத்தில் எட்டில் ஒரு பங்கு கழிவதற்குள் செல்லாக்காசாகிவிட்டது. விமானம், கப்பல், குண்டு என்றால் ஆர்டரை ரத்து செய்துவிடலாம். ஆயிரக்கணக்கான கோடி டாலர் அளவுக்கு ரத்தும் செய்தார்கள். ஆனால் தொழிற்சாலைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதற்கும், கூலித் தகராறைத் தீர்ப்பதற்கும், வேலைக்குப் போகும் அம்மாக்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கும் என்று திறந்து வைத்த அலுவலகங்களை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு அன்றைக்குக் கொடுத்த பதில்களைத்தான் சில வாரங்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் அவசரத்தில் கொடுத்த பதில்கள். சில, அநியாயமான பதில்கள்.

பட்ஜெட் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் எண்களை எழுத ஆரம்பித்தது 1944 கடைசியில், ஆர்டென் காடுகளில் ஜெர்மானியப் படை திருப்பித் தாக்கிக்கொண்டிருந்த சமயம். பசிபிக் பக்கம் இன்னும் மோசம்: ஜப்பானின் கியூஷு தீவில் 1945 நவம்பரில் படை இறக்குவதாகத் திட்டம், அதற்கப்புறம் எத்தனை மாதம் இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆள் பற்றாக்குறை குறித்த பயம் எந்த அளவுக்கு இருந்தது என்றால், ராணுவத்துக்கு ஆள் எடுப்பதுபோலத் தொழிற்சாலை வேலைக்கும் ஆட்களைச் சட்டப்படி கட்டாயப்படுத்தும் ஒரு மசோதாவை 1945 பிப்ரவரி 1 அன்று நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியே விட்டது. ஏப்ரல் 3 அன்று மேலவையான செனட் அதைத் தோற்கடித்தது. அடுத்த ஐந்து வாரத்தில் ஜெர்மனி சரண். இவ்வளவு வேகமாக உலகம் மாறும்போது பதினெட்டு மாதத்துக்கு முன்கூட்டியே செலவைக் கணிக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் தப்பாகத்தான் கணிப்பார்கள்.

அன்றைக்கு வாஷிங்டனில் தொழிலாளர் நிர்வாகம் என்ற பெயரில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழப்பமாகிவிடும். முதலாவது, போர்க்கால மனிதவள ஆணையம். 1942 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டு உருவாக்கியது. தலைவர் பால் மெக்நட், இந்தியானா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். நாடு முழுக்க இருந்த சுமார் 1,500 வேலைவாய்ப்பு அலுவலகங்கள் இதன் கீழேதான் வந்தன. அந்த அலுவலகங்கள் அதற்கு முன் மாநில அரசுகளின் கையில் இருந்தவை. பேர்ல் ஹார்பர் தாக்குதல் முடிந்த சில நாட்களில் ரூஸ்வெல்ட் எல்லா ஆளுநர்களுக்கும் தந்தி அடித்து, 1942 ஜனவரி 1 முதல் அவற்றை மத்திய அரசின் கீழ் கொண்டுவந்துவிட்டார். மாநிலங்களைப் பொறுத்தவரை அது கடன். கொடுத்தது திரும்பி வர வேண்டும் என்ற நினைப்பு அவர்களுக்கு ஒருநாளும் போகவில்லை.

இரண்டாவது, தேசியப் போர்க்காலத் தொழிலாளர் வாரியம். பொதுமக்கள் தரப்பில் நான்கு பேர், தொழிற்சங்கம் சார்பில் நான்கு பேர், முதலாளிகள் சார்பில் நான்கு பேர் என்று பன்னிரண்டு பேர். தகராறு வந்தால் தீர்ப்பு சொல்வது இவர்கள் வேலை. அதைவிடப் பெரிய வேலை, யாருக்காவது சம்பளம் உயர்த்த வேண்டும் என்றால் முதலில் இவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். 1941 ஜனவரி நிலவரத்தைவிட 15 சதவீதத்துக்கு மேல் பொதுவான உயர்வு கூடாது என்று 1942இல் ஒரு வரம்பு போட்டு, அதைப் போர் முடியும்வரை ஓரளவுக்குக் காப்பாற்றியும் விட்டார்கள். லட்சக்கணக்கான மனுக்கள் வந்தன என்றால் எத்தனை குமாஸ்தாக்கள், எத்தனை வட்டார அலுவலகங்கள் தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நிறம், மதம் பார்த்து வேலை மறுப்பதைத் தடுக்க 1941 ஜூனில் உருவான நியாயமான வேலைவாய்ப்புக் குழு. ஃபிலிப் ராண்டால்ஃப் என்ற கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் வாஷிங்டனை நோக்கிப் பேரணி நடத்துவேன் என்று சொன்ன பிறகுதான் ரூஸ்வெல்ட் இதற்குக் கையெழுத்துப் போட்டார். நான்காவது, குழந்தைகள் காப்பகங்கள். அதைத் தனியாகச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் தனித்தனி உத்தரவு, தனித்தனி கணக்குத் தலைப்பு. ஆனால் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் கண்ணுக்கு எல்லாமே ஒரே குடும்பம்: போருக்காக வந்தவை, போர் முடிந்தால் போக வேண்டியவை.

எனக்கு இங்கேதான் சிக்கல் தெரிகிறது. இந்த அமைப்புகள் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வேறு வேறு வேலைகளைச் செய்துகொண்டிருந்தன. ஒன்று கட்டுப்பாடு: இந்தத் தொழிற்சாலை இத்தனை பேருக்கு மேல் எடுக்கக் கூடாது, அந்தத் தொழிலாளி அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலை மாறக் கூடாது என்பது மாதிரி. இன்னொன்று சேவை: வேலை தேடி வருகிறவரின் விவரத்தைப் பதிவு செய்து, பொருத்தமான இடத்துக்கு அனுப்பி, அவர் சேர்ந்தாரா இல்லையா என்று பார்ப்பது. கட்டுப்பாட்டை ஒரே அறிவிப்பில் எடுத்துவிடலாம். எடுத்தார்கள்; ஜப்பான் சரண் செய்தி வந்த ஆகஸ்ட் 14 அன்றே மெக்நட் ஆள் அமர்த்துவதில் இருந்த கட்டுப்பாடுகளை நீக்கிவிட்டார். சேவை அப்படி இல்லை. போர் முடிந்த அன்றுதான் அதன் வாசலில் கூட்டமே கூடுகிறது. ஆயுதத் தொழிற்சாலை மூடிவிட்டது என்று ஒரு பக்கம் ஆட்கள், சீருடையைக் கழற்றிவிட்டு வந்தவர்கள் இன்னொரு பக்கம். சம்பளம் வாங்குகிற ஊழியரோ இரண்டுக்கும் ஒரே ஆள், அவருக்குச் சம்பளம் வருவதும் ஒரே தலைப்பிலிருந்து. தலைப்பை வெட்டினால் எது போகும் என்று வெட்டுகிறவருக்குத் தெரியவும் தெரியாது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இது அவர்களுக்கு இரண்டாவது தடவை.

முதல் உலகப்போரிலும் அமெரிக்கத் தொழிலாளர் துறை அவசரம் அவசரமாக நாடெங்கும் வேலைவாய்ப்பு அலுவலகங்களைத் திறந்தது. 1918 நவம்பர் 11 அன்று போர் நின்றது. சுமார் 40 லட்சம் பேர் ராணுவத்தில் இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் அடுத்த எட்டொன்பது மாதத்தில் வீடு திரும்பிவிட்டார்கள், அதே மாதங்களில் போர் ஒப்பந்தங்களும் சரசரவென்று ரத்தாகிக்கொண்டிருந்தன. 1919 மார்ச் 4 அன்று காங்கிரஸின் கூட்டத்தொடர் முடிந்தது. கடைசி நாட்களில் செனட்டில் பேசிப் பேசியே நேரத்தைக் கடத்தியதில் பல நிதி மசோதாக்கள் நிறைவேறாமல் போயின. வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கான பணமும் அதில் மாட்டிக்கொண்டது. அதே மாதம் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அலுவலகங்களை மூட உத்தரவு. சுமார் 750 அலுவலகங்கள் இருந்த இடத்தில் 56 மிஞ்சின. சிப்பாய்கள் அலை அலையாக ஊர் திரும்பிய அதே மார்ச்சில்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தொழிலாளர் துறையின் அலுவலகம் போய்விட்டதால் வேலை தேடும் சிப்பாய்கள் காணாமல் போய்விடவில்லையே. ராணுவத் துறை, நியூயார்க் நகரக் காவல் துறையின் முன்னாள் ஆணையர் ஆர்தர் வுட்ஸ் என்பவரைப் பிடித்து, சிப்பாய்களுக்கு வேலை தேடித் தருவதற்கென்றே ஒரு தனி ஏற்பாட்டை ஆரம்பித்தது. ஊர் ஊராகத் தன்னார்வலர்களும் செஞ்சிலுவைச் சங்கத்தினரும் மிச்ச வேலையைத் தூக்கிச் சுமந்தார்கள். ஒரு துறையின் கணக்கில் மிச்சம் பிடித்த பணம் இன்னொரு துறையின் கணக்கில் செலவாகப் போனது, கொஞ்சம் தானமாகவும் வந்தது. காகிதத்தில் மட்டும் சிக்கனம். அந்த வருடம் சியாட்டில் பொது வேலைநிறுத்தம், பாஸ்டன் போலீஸ் வேலைநிறுத்தம், இரும்பாலை வேலைநிறுத்தம் என்று சுமார் 40 லட்சம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அதற்கெல்லாம் அலுவலகங்களை மூடியதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், விலைவாசி உட்பட வேறு பெரிய காரணங்கள் இருந்தன. ஆனால் தகராறைப் பேசித் தீர்க்கும் போர்க்கால வாரியமும் அதே 1919இல் கலைக்கப்பட்டது. தேவைப்பட்ட நேரத்தில் மேசையில் ஆள் இல்லை.

சரி, 1945க்கு வருவோம். அப்போது ராணுவத்தில் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர். 1947 நடுவில் அது 15 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. வெளியே வந்தவர்களில் வேலை கிடைக்காதவர்களுக்கு வாரம் 20 டாலர் வீதம் அதிகபட்சம் 52 வாரம் உதவித்தொகை என்று 1944 ஜூனில் வந்த சட்டம் சொன்னது; இதை '52-20 கிளப்' என்று கிண்டலாகக் கூப்பிட்டார்கள். அந்த 20 டாலரை வாங்க வேண்டும் என்றால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். ஆக, போர் முடிந்ததும் சுருங்க வேண்டிய அலுவலகத்துக்குச் சட்டமே புது வேலையைக் கொண்டுவந்து கொட்டியது. ஒரு குழு உதவித்தொகைக்குப் பணம் ஒதுக்குகிறது, இன்னொரு குழு அந்த உதவித்தொகையைச் சரிபார்க்கிற குமாஸ்தாவை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. இப்படி நடப்பது அந்த நாட்டுக்கு மட்டும் உரிய விசேஷம் இல்லைதான், இருந்தாலும் எழுத்தில் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது.

மனிதவள ஆணையத்தை, ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்து ஜனாதிபதியான ட்ரூமன் 1945 செப்டம்பர் 19 அன்று கலைத்து, வேலைவாய்ப்பு அலுவலகங்களைத் தொழிலாளர் துறையிடம் கொடுத்தார். அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். போர்ப் பெயர்ப் பலகை போய், வேலை மட்டும் தங்கியது. ஆனால் மாநிலங்கள் விடவில்லை. எங்கள் அலுவலகத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டார்கள். செப்டம்பர் 6 அன்றே ட்ரூமன் காங்கிரஸுக்கு அனுப்பிய நீண்ட செய்தியில், கடைசியில் மாநிலங்களுக்குத்தான் போக வேண்டும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் குறைந்தது 1947 ஜூன் 30 வரையாவது மத்திய அரசிடம் இருக்கட்டும் என்ற பொருளில் கேட்டிருந்தார். காரணம் நியாயமானதுதான். கன்சாஸில் விமானத் தொழிற்சாலை மூடினால் அங்கே வேலை போனவருக்கு வேலை இருப்பது வேறு ஏதோ மாநிலத்தில். இரண்டு மாநில அலுவலகங்களுக்கும் ஒரே எஜமானர் இருந்தால் இந்தத் தகவல் நகரும்.

காங்கிரஸ் அதைக் கேட்கவில்லை. 1945 டிசம்பரில் போர்க்கால ஒதுக்கீடுகளை மொத்தமாக வெட்டும் ஒரு பெரிய மசோதாவை நிறைவேற்றினார்கள், அதன் வாலில் ஒரு துணைப்பிரிவைச் சொருகினார்கள்: நூறு நாளில் அலுவலகங்களை மாநிலங்களிடம் ஒப்படைக்க வேண்டும். செலவைக் குறைக்கும் மசோதாவை எந்த ஜனாதிபதி தடுப்பார் என்ற கணக்கு. ட்ரூமன் தடுத்தார். வெட்டச் சொன்ன பணத்தைச் செலவழிக்காமல் நிறுத்தி வைக்க ஏற்பாடு செய்துவிட்டு, மசோதாவுக்கு மட்டும் ஒப்புதல் தர மறுத்துவிட்டார். அரசியல் சாமர்த்தியம் என்றால் இதுதான். சிக்கனமும் அவர் பெயரில், அலுவலகமும் அவர் கையில். ஆனால் எவ்வளவு நாளைக்கு? 1946 நவம்பர் 16 அன்று அலுவலகங்கள் மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. எனக்குப் பிடித்த பகுதி அதற்கடுத்து வருவது. போருக்கு முன் இருந்த ஏற்பாட்டில் மாநிலங்களும் தங்கள் பங்குக்குப் பணம் போட வேண்டியிருந்தது. திரும்பக் கொடுத்தபோது நிர்வாகச் செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் என்று ஆனது. அதிகாரம் மாநிலத்துக்கு, பில் வாஷிங்டனுக்கு. ஒரு வருடத்துக்கு மேலாக நடந்த சண்டையில் சிக்கனம் என்ற வார்த்தை எத்தனை முறை அடிபட்டிருக்கும்! முடிவில் மத்திய அரசுக்கு மிச்சமானது பெரிதாக ஒன்றுமில்லை.

அந்த டிசம்பர் மசோதா துணைப்பிரிவு இல்லாமல் புதிய வடிவத்தில் மறுபடி வந்து 1946 பிப்ரவரி 18 அன்று சட்டமானது. அதில் வேறு ஒரு வால். அமெரிக்கக் கொடியின் கீழ் போரிட்ட பிலிப்பைன்ஸ் வீரர்களின் பணி, பெரும்பாலான சலுகைகளுக்கு ராணுவப் பணியாகவே கணக்கில் வராது என்று ஒரு பிரிவு. ட்ரூமன் வருத்தம் தெரிவித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். 2009இல்தான், உயிரோடு இருந்தவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை இருந்தால் 15,000 டாலர், இல்லாவிட்டால் 9,000 டாலர் என்று ஒருமுறைத் தொகை கொடுத்தார்கள். இது தொழிலாளர் நிர்வாகம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போர் முடிந்ததும் வரும் வெட்டு மசோதாக்களை வாசிக்கும்போது, முக்கியமான விஷயம் எப்போதும் தொகைப் பட்டியலுக்கு அடியில், சின்ன எழுத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தொழிலாளர் வாரியத்தின் கதை இன்னும் வேகமாக முடிந்தது. ஆகஸ்ட் 18 அன்றே, விலையை ஏற்றக் கேட்காதவரை முதலாளிகள் அனுமதி இல்லாமல் சம்பளம் உயர்த்தலாம் என்று உத்தரவு. டிசம்பர் 31 அன்று வாரியம் மூடப்பட்டது. சம்பளத்தைக் கண்காணிக்கும் சிறிய வாரியம் ஒன்று அந்த இடத்தில் வந்தது, தகராறைத் தீர்க்கும் வேலை அதற்குக் கிடையாது. நான்கு வருடமாக மூடி போட்டு வைத்த சம்பளக் கோரிக்கைகள் எங்கே போகும்? நவம்பர் 21 அன்று ஜெனரல் மோட்டார்ஸில் வேலைநிறுத்தம், 113 நாள் நடந்தது. ஜனவரியில் இரும்பாலைகளில் ஏழரை லட்சம் பேர். 1946இல் மொத்தம் 46 லட்சம் தொழிலாளர்கள், சுமார் 11.6 கோடி மனித நாட்கள். அரசு என்ன செய்தது? ஒவ்வொரு பெரிய தகராறுக்கும் உண்மை அறியும் குழு என்று புதிதாக ஒன்றைப் போட ஆரம்பித்தது. அதாவது பழகிய ஆட்களை அனுப்பிவிட்டு, அதே வேலைக்குப் புது ஆட்களைத் தேடியது. வாரியம் தொடர்ந்திருந்தால் வேலைநிறுத்தம் நடந்திருக்காது என்று வாதாட மாட்டேன். தொழிற்சங்கங்களுக்கே அந்த வாரியத்தின் மேல் சலிப்பு வந்துவிட்டது. ஆனால் கட்டுப்பாட்டை எடுப்பதும் சமரசம் பேசுகிற ஆளை எடுப்பதும் ஒரே நாளில் நடந்திருக்கத் தேவையில்லை.

இப்போது அநியாயம் என்று நான் சொன்ன பகுதி. நியாயமான வேலைவாய்ப்புக் குழுவுக்கு முந்தைய ஆண்டு ஒதுக்கியது 5 லட்சம் டாலர். 1945 ஜூலையில், மிசிசிப்பி செனட்டர் பில்போ உள்ளிட்ட தென் மாநிலத்தார் பேசிப் பேசி இழுத்தடித்த பிறகு, கிடைத்தது 2,50,000 டாலர். அதையும் கடையைக் கட்டுவதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற தொனியில். அந்த ஜூனில் முடிந்த நிதியாண்டில் மத்திய அரசின் மொத்தச் செலவு சுமார் 9,270 கோடி டாலர். வகுத்துப் பார்த்தேன்: 2,50,000 டாலர் என்பது அரசாங்கத்தின் ஒன்றரை நிமிடச் செலவுகூட இல்லை. இதைச் சிக்கனம் என்று சொன்னவர்களும் சிக்கனத்தை மனதில் வைத்துச் சொல்லவில்லை. 1946 நடுவில் குழு இறுதி அறிக்கையைக் கொடுத்துவிட்டு மறைந்தது, கறுப்பினத் தொழிலாளர்கள் ஆயுதத் தொழிற்சாலைகளிலிருந்து முதல் ஆளாக வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில். பணம் எதற்கு நிற்கிறது என்று பார்த்தால், வேலை முடிந்ததற்கு இல்லை, ஆதரவாளர் இல்லாததற்கு என்று தெரிகிறது.

காப்பகங்களும் அப்படித்தான். 1944இல் உச்சத்தில் இருந்தபோது 3,000க்கும் மேற்பட்ட காப்பகங்கள், சுமார் 1,30,000 குழந்தைகள். போர் முடிந்த அதே ஆகஸ்டில் பணம் நிற்கப் போகிறது என்று அறிவிப்பு வந்தது. அம்மாக்கள் விடாமல் கடிதமும் தந்தியும் அனுப்பியதில் 1946 பிப்ரவரி கடைசிவரை நீட்டித்தார்கள், அவ்வளவுதான். கலிபோர்னியா மாதிரி மிகச் சில இடங்கள் சொந்தப் பணத்தில் தொடர்ந்து நடத்தின. பெண்கள் வேலைக்கு வந்ததே போருக்காக, போர் முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதுதான் கணக்கு போட்டவர்களின் அனுமானம். கணவனைப் போரில் இழந்தவள் எங்கே போவாள் என்று அந்த அனுமானத்தில் ஒரு வரி இல்லை.

வெட்டியவர்கள் தரப்பிலும் கொஞ்சம் நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது சரியாக இருக்காது. போர் முடிந்த முதல் வருடத்தில் மூடாத அலுவலகத்தை அப்புறம் மூடவே முடியாது என்று அவர்கள் பயந்தார்கள். அரசாங்க அலுவலகங்களைப் பார்த்தவர்கள் யாரும் அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. பணம் வேண்டும் என்று கேட்டவர்களின் ஆரூடமும் பலிக்கவில்லை. 1946 வசந்தகாலத்துக்குள் 80 லட்சம் பேர் வேலை இல்லாமல் இருப்பார்கள் என்று, போரிலிருந்து அமைதிக்கு மாறுவதை மேற்பார்த்த அலுவலகமே 1945 ஆகஸ்டில் சொன்னது. நடந்தது என்ன? 1946இன் சராசரி வேலையின்மை 3.9 சதவீதம், அதாவது இருபத்து சொச்சம் லட்சம் பேர். 52-20 உதவித்தொகைக்கு ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. நான்கு வருடம் கார் வாங்க முடியாமல், வீடு கட்ட முடியாமல் சேமித்து வைத்திருந்த மக்கள் கடைக்கு ஓடினார்கள். சிப்பாய்கள் பலர் கல்லூரிக்குப் போனார்கள். பெண்கள் பலர் வெளியேறினார்கள், அல்லது வெளியேற்றப்பட்டார்கள். ஆக ஒதுக்கீட்டுக் குழுவினர் தங்கள் முதுகைத் தாங்களே தட்டிக்கொள்ள வாய்ப்பு கிடைத்தது. ஆனால் 1945 டிசம்பரில் அவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் அதிகம் பேசாதது. மூடுவதற்கும் செலவு உண்டு. 1944 டிசம்பரில் வந்த ஒரு சட்டப்படி, வேலையை விட்டுப் போகும் மத்திய அரசு ஊழியருக்கு எடுக்காமல் மிச்சம் வைத்த விடுப்புக்கான பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். போர்க்காலத்தில் விடுப்பே எடுக்காமல் வேலை பார்த்தவர்கள் இவர்கள். எனவே ஆயிரம் பேரை அனுப்பினால் அந்த மாதம் செலவு கூடத்தான் செய்யும். கட்டட வாடகை ஒப்பந்தம், மேசை நாற்காலியை ஒப்படைப்பது, லட்சக்கணக்கான கோப்புகளைப் பெட்டி கட்டி ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புவது என்று பட்டியல் நீளும். தொழிலாளர் வாரியம் தான் செய்ததைப் பற்றி மூன்று தொகுதிகளுக்கு இறுதி அறிக்கை தயாரித்தது. அந்தக் காலத்துக் கூலித் தகராறுகளைப் பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தப் பெட்டிகளிலிருந்தும் தொகுதிகளிலிருந்தும் வருவதுதான். அந்தச் செலவை நான் குறையே சொல்ல மாட்டேன்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. எர்னஸ்ட் பெவினின் தொழிலாளர் அமைச்சகம் போர் வருவதற்கு முன்பே இருந்த நிரந்தரத் துறை என்பதால் கலைப்பது என்ற பேச்சே எழவில்லை. வயதையும் பணிக்காலத்தையும் வைத்து யார் எப்போது ராணுவத்திலிருந்து விடுபடுவார் என்ற அட்டவணையை முன்கூட்டியே போட்டு, 1945 ஜூனில் ஆட்களை விட ஆரம்பித்தார்கள். ஆள் அமர்த்தும் கட்டுப்பாட்டை 1947இல் மறுபடி கொண்டுவந்து 1950 வரை வைத்திருந்தார்கள், அது மக்களுக்குப் பிடித்தது என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் நடந்தது எனக்கு இன்னும் சுவாரஸ்யம். இங்கே ராணுவம் 25 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலம். அமெரிக்கர்கள் எந்த அலுவலகத்தை எப்போது மூடலாம் என்று அடித்துக்கொண்டிருந்த அதே 1945 ஜூலையில், விடுவிக்கப்படும் சிப்பாய்களுக்கும் போர் வேலை முடிந்து வெளியேறும் தொழிலாளர்களுக்கும் மட்டும் என்று மறுகுடியமர்வு மற்றும் வேலைவாய்ப்புக்கான தலைமை இயக்ககத்தைத் தொடங்கினார்கள். தற்காலிகம்தான். 1947 கடைசியில் பிரிவினை அகதிகளுக்கு அதைத் திறந்துவிட்டார்கள். 1948இல் எல்லோருக்கும். 1956 நவம்பர் 1 அன்று அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் போனது, செலவில் 60 சதவீதம் மத்திய அரசு, 40 மாநிலம். 1969 ஏப்ரல் 1 முதல் செலவு முழுக்க மாநிலத்தின் தலையில். வாஷிங்டன் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு பில்லை வைத்துக்கொண்டது. டில்லி இரண்டையும் கொடுத்துவிட்டது. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்ததும் நாமெல்லாம் பதிந்துவிட்டு, மறக்காமல் புதுப்பித்துக்கொண்டே இருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் அந்தத் தற்காலிக ஏற்பாட்டின் வாரிசுதான்.

கட்டுப்பாடு ஒரே அறிவிப்பில் போய்விடும் என்று மேலே எழுதினேன் இல்லையா, அது இந்தியாவுக்குப் பொருந்தவில்லை. 1942இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 81ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள்: வேலைநிறுத்தத்துக்குத் தடை போடவும், தகராறை அரசே தீர்ப்புக்கு அனுப்பவும், தீர்ப்பை இரண்டு தரப்பின் மேலும் திணிக்கவும் அதிகாரம். போர் முடிந்தும் அதை அவசரச் சட்டத்தால் உயிரோடு வைத்திருந்து, 1947 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் தகராறுச் சட்டத்துக்குள் பெருமளவுக்கு அப்படியே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். சுதந்திரத்துக்கு நாலரை மாதம் முன்பு. வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு யார் பணம் கொடுப்பது என்று டில்லியும் மாநிலங்களும் இருபது வருடத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தன. இந்த அதிகாரத்தை வைத்துக்கொள்வதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் நடுவில் பெரிய கருத்து வேறுபாடு எதையும் நான் பார்க்கவில்லை.